என் நைனா செந்தாமரை இல்லை

ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவின், அதாவது நைனாவின், படத்திறப்பில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள், அந்த வீடியோதான் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறதே. "ரவுடியும் கத்தியுமா இருந்த ஏரியாவுல சேத்துல பூத்த செந்தாமரை" என்று பேச வந்த ஒருவர் நைனாவைப் பற்றி மைக் பிடித்துச் சொன்னதும் என்ன ஒரு கைதட்டல்! என் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், நைனா செந்தாமரையும் இல்லை, எங்கள் வடசென்னை சேறும் இல்லை.

நைனா பின்னி மில் தொழிலாளி. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் பிறந்தது அந்த மில் ஆட்களால்தான். வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று சங்கத் தலைவர்கள் எல்லாம் வந்து பேசிய ஊர் இது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஏறுவதும் அடுத்தவனுக்கு மனு எழுதுவதும் இங்கே யாரும் தனியாகக் கண்டுபிடித்ததில்லை, பெரியவர்கள் செய்ததைப் பார்த்துச் சின்னவர்கள் செய்தார்கள். நைனாவும் அப்படித்தான். 1996-இல் மில்லை மூடியபோது, பி.எஃப். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் காலையிலேயே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சட்டைப் பையில் ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்கும், வேர்வையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்து வைத்திருப்பார். கைநாட்டு வைப்பவரின் கட்டைவிரலைத் தானே பிடித்து அழுத்திவிட்டு, அந்த மையைத் தன் லுங்கி ஓரத்திலேயே துடைத்துவிடுவார். அம்மா திட்டாத நாளில்லை. தன்னுடைய படிவத்தைக் கடைசியாகத்தான் போட்டார், அதுவும் அம்மா அழுததற்கு அப்புறம்.

புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் கல்யாணத்தன்று யார் பிள்ளைக்கோ ரத்தம் வேண்டும் என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, தாலி கட்டும் நேரத்துக்குக் கையில் பஞ்சு ஒட்டியபடி வந்து நின்றவர். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

"பாராட்டத்தானே செஞ்சார், இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சரி, உங்கள் அப்பா படத்துக்கு முன்னால் நின்று "இந்தத் திருட்டுக் குடும்பத்துல இவர் ஒருத்தர்தான் யோக்கியர்" என்று நான் பேசினால் மாலை போடுவீர்களா? "அப்போ ரவுடியே இல்லையா?" இருந்தார்கள். எந்த ஊரில் இல்லை? "நீயே ஏரியாவை விட்டுப் போயிட்டியே." அது வாடகைப் பிரச்சினை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், ஏரியாப் பிள்ளைகளுக்குக் கேரமும் சொல்லிக்கொடுக்கிறார். அவரும் செந்தாமரையா? 2017 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியை எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள்? வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கற்றுத் தருகிறவர்கள்? ஒரே சேற்றில் எத்தனை தாமரைதான் ஐயா பூக்கும்?

சேறு என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் எண்ணூருக்கு. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டு, அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எங்களில் ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பொன்னாடை போடுவீர்கள். மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது, அங்கே குடிவருகிறவர்களைப் பார்த்து யாரும் சேறு என்று சொல்லப்போவதில்லை. என்னிடம் முதல் இன்டர்வியூவில் விலாசத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது நைனா, "வேற வேல தேடு, வீட்டு நம்பர மாத்தாத" என்றார். நான் மாற்றித்தான் கொடுத்தேன், நண்பன் வீட்டு விலாசத்தை. வேலையும் கிடைத்தது. அது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது மகள் கேட்கிறாள், "தாத்தா நல்லவர்னா, அந்தத் தெரு ஆளுங்கல்லாம் கெட்டவங்களாப்பா?" வாரக்கடைசி ஆனால் அந்தத் தெரு டீக்கடையில் தாத்தாவோடு பட்டர் பிஸ்கட் தின்று வளர்ந்த பிள்ளை. அவள் வாயில் இந்தக் கேள்வியை வைத்தவரை நான் கும்பிட வேண்டுமாம்.

பேசியவருக்கு யாரும் போன் போட்டுத் திட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். நைனா உட்கார்ந்த படிப்பகத்தில் கேரம் போர்டுக்குப் போரிக் பவுடர் தீர்ந்துவிட்டது, பேப்பர்க்காரருக்குப் போன மாசப் பாக்கியும் நிற்கிறது. பொன்னாடைக்கு வைத்திருக்கும் காசு மிச்சமிருந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.