காட்டிய பலகை வரவே இல்லை, வந்த ஏர்பாட்ஸ் கேஸின் விலை 7,500 ரூபாய்

இன்னும் செய்து முடிக்காத ஒரு பொருளை மேடையில் காட்டி, அதை நம்பி மக்களை வேறு பொருட்களை வாங்க வைப்பது தவறு. எவ்வளவு பெரிய கம்பெனி செய்தாலும் தவறுதான். ஆப்பிள் காட்டிவிட்டு விற்காமலே விட்ட ஏர்பவர் என்ற வயர்லெஸ் சார்ஜிங் பலகையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பழைய கதை, விடுங்க" என்கிறார்கள். எனக்கு விட மனமில்லை. ஏனென்றால் அதே பழக்கம் இன்று சின்னச் சின்ன கம்பெனிகள் வரை இறங்கிவிட்டது.

2017 செப்டம்பர் 12, ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் எல்லாம் அறிமுகமான விழா. அதே மேடையில் ஏர்பவர் என்ற அந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார் ஆப்பிளின் அன்றைய மார்க்கெட்டிங் தலைவர் பில் ஷில்லர். போன், வாட்ச், ஏர்பாட்ஸ் இயர்போன் மூன்றையும் அதன் மேல் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஒன்றாகவே சார்ஜ் ஏறும். அடுத்த வருடம் கடைக்கு வரும் என்றார்கள். விலை மட்டும் சொல்லவில்லை. ஏர்பாட்ஸை வைக்கும் டப்பாவான கேஸ், வயர்லெஸ்ஸாகச் சார்ஜ் ஏறும் வகையில் வரும் என்பதும் அன்றைக்கே சொன்னதுதான்.

2018 செப்டம்பரில் அடுத்த விழா வந்தது. பலகையைப் பற்றி மூச்சே இல்லை. இணையதளத்தில் இருந்த குறிப்புகளும் ஏறக்குறைய எல்லாமே காணாமல் போயின. கேஸ் வந்தது 2019 மார்ச் 20 அன்று. தனியாக வாங்கினால் அமெரிக்காவில் 79 டாலர், நம் ஊரில் 7,500 ரூபாய். இயர்போன் இல்லை, பேட்டரி உள்ள வெறும் டப்பா. சாதாரண கேஸோடு வந்த ஏர்பாட்ஸ் 14,900, வயர்லெஸ் கேஸோடு 18,900. அந்தப் புது பேக்கிங்கிலேயே ஏர்பவர் படம் இருந்தது. ஒன்பதே நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, ஆப்பிளின் அன்றைய ஹார்ட்வேர் தலைவர் டான் ரிச்சியோ பெயரில் சின்ன அறிக்கை வந்தது: எங்கள் தரத்தை அது எட்டாது, திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம்.

கைவிட்டதை நான் குறை சொல்லவில்லை. அது சரியான முடிவு. வயர்லெஸ் சார்ஜிங்கில் பலகைக்குள் இருக்கும் காயிலும் (கம்பிச்சுருள்) போனுக்குள் இருக்கும் காயிலும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் மின்சாரத்தில் நிறைய வீணாகும், சூடு ஏறும். ராத்திரி சார்ஜிங் பேடில் வைத்த போன் வைப்ரேஷனில் ஒரு விரல்கடை நகர்ந்துபோய், காலையில் பாதி சார்ஜோடு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். "எங்கே வேண்டுமானாலும் வை" என்றால் காயில்களை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்க வேண்டும். அந்தச் சூட்டைத்தான் அடக்க முடியவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. சுடுகிற பொருளை விற்காமல் விட்டது நல்லதுதான்.

என் கோபம் நடுவில் போன அந்த ஒன்றரை வருடத்தின் மேல். தாமதமாகும், சிக்கல் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே. பலகை வரட்டும் என்று வேறு சார்ஜர் வாங்காமல் காத்திருந்தவர்கள் உண்டு. அதை மனதில் வைத்தே போனையும் கேஸையும் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. அவர்களிடம் வருத்தம் தெரிவித்ததோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் 2020 கடைசியில் ஆப்பிளின் மேக்சேஃப் டியோ என்ற வயர்லெஸ் சார்ஜர் வந்தது. போனுக்கும் வாட்சுக்கும் மட்டும். அமெரிக்காவில் 129 டாலர், இங்கே 13,900 ரூபாய். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு உருப்படியான ஆண்ட்ராய்டு போனே வாங்கலாம். இவ்வளவு கொடுத்தும் பெட்டியில் அடாப்டர் கிடையாது. அவர்களுடைய 20 வாட் அடாப்டரைச் செருகினால் போனுக்கு 11 வாட் வரைதான், 27 வாட்டோ அதற்கு மேலோ இருந்தால் 14 வாட் வரை போகும். அதே வருடம்தான் ஐபோன் பெட்டியிலிருந்தும் அடாப்டரை எடுத்திருந்தார்கள். சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். அப்படியானால் அடாப்டரின் விலையையும் சேர்த்தல்லவா குறைத்திருக்க வேண்டும்?

போன வருடம் என் தங்கைக்காக ஆன்லைனில் ஒரு மூன்று இன் ஒன் சார்ஜர் முன்பதிவு செய்தேன். வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். முழுப்பணமும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். டெலிவரி தேதி வருவதும் தள்ளிப்போவதுமாகவே இருந்தது. கேட்டால், "சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்" என்று ஒரே மாதிரி பதில். கடைசியில் வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் "அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்". விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்திலோ, கேபிள் அழகாக அடாப்டரோடுதான் இருந்தது. "அக்கா, இதை எதில்தான் சொருகுறது?" என்று அவள் கேட்டாள். இதை விளம்பர உத்தி என்று என்னால் ஏற்க முடியாது, இது ஏமாற்று.

இன்று சி2 (Qi2) என்ற பொதுவான வயர்லெஸ் சார்ஜிங் தரம் வந்துவிட்டது. காந்தமே போனைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்கிறது, பல கம்பெனிகளின் சார்ஜர்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அதனால் காத்திருந்து ஏமாற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கையில் தருவதற்குப் பொருள் தயாராக இல்லையென்றால் முழுப்பணம் வாங்கக் கூடாது. தேதி தள்ளினால், நாம் கேட்காமலே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அடாப்டர் இல்லையென்றால் விலைக்குப் பக்கத்திலேயே, விலை எவ்வளவு பெரிய எழுத்தோ அதே எழுத்தில் போட வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். பில்லையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், விளம்பரத்தைப் பிறகு மாற்றிவிடுவார்கள்.