பிரதேச செயலகக் கையொப்பத்தோடு வீடு கட்டலாமா?

“திருகோணமலையில் வீடு கட்ட கிராம சேவகர் கடிதமும் பிரதேச செயலகத்தின் கையொப்பமும் இருந்தால் போதும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை.

பிரதேச செயலகம் காணி விஷயம் பார்க்கும். அரச காணி என்றால் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி சபை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான்.

சரி, எந்தச் சபை? “டவுனுக்குப் பக்கம்தானே” என்ற கணக்கு இங்கே உதவாது. நிலாவெளிக் காணிக்குக் குச்சவெளிப் பிரதேச சபை. கிண்ணியாவிலோ நகர சபை, பிரதேச சபை என்று இரண்டு. சந்தேகம் என்றால் சோலை வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரி வாங்கும் சபையின் பெயர் அதிலேயே இருக்கும். வெறுங்காணி, ரசீது இல்லையென்றால் நில அளவைப் படத்தோடு சபைக்கே போய்க் கேளுங்கள்.

கடற்கரையோரம் கட்டுபவர்களுக்கு இன்னொரு அலைச்சலும் உண்டு. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் வழமையாக எட்டும் கோட்டிலிருந்து, நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். சபை அனுமதி அதற்கு ஈடாகாது.