சப் கோர்ட்டோடு ஓய்வு பெற்றால் என்ன குறைந்துவிட்டது?

சப் கோர்ட் நீதிபதியாக ஓய்வு பெற்ற ஐயாவுக்குப் பவானியில் நடந்த பாராட்டு விழா வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு ஒரு பேச்சாளர் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். "இதே பக்கத்துல காடப்பநல்லூர்ல பொறந்த சதாசிவம் ஐயா நாட்டுக்கே தலைமை நீதிபதி ஆனாருங்க. நம்ம ஐயாவுக்குக் கொடுப்பினை இல்லீங்க, சப் கோர்ட்டோட நின்னுபோச்சுங்க." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சதாசிவம் அவர்கள் 2013-இல் இந்தியத் தலைமை நீதிபதியானது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அவர் போன வழி வேறு. வக்கீலாக இருந்து 1996-இல் நேராக உயர் நீதிமன்ற நீதிபதியானவர். முன்சீப்பாக, அதாவது சிவில் கேஸ் பார்க்கும் கீழ்ப்படி நீதிபதியாக, நுழைகிறவர் சப் கோர்ட்டின் சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஏறி வர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு இடம் வக்கீல்களுக்கே போய்விடுகிறது. ஐயா நாற்பதை நெருங்கும்போது தேர்வு எழுதி வந்தவர். 60 வயதில் ஓய்வு. எங்கே போய் நிற்க முடியும்? சப் கோர்ட்டோடு ஓய்வு பெறுவது பாதியில் நின்ற வாழ்க்கை இல்லை. முழு வாழ்க்கை.

நம்மில் எத்தனை பேர் டெல்லியில் உச்ச நீதிமன்றப் படி ஏறியிருக்கிறோம்? நமக்குக் கோர்ட் என்றால் தாலூகா கோர்ட்தான். கிணற்றுப் பங்கு, பாகப்பிரிவினை, நூல் வாங்கிய பாக்கிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்த கேஸ், எல்லாம் அங்கேதான். 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் ஒரு பொண்ணைப் பார்த்து "சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு" என்று கேட்கும்போது, அந்தச் சட்டம் அவளுக்கும் உண்டு என்று முதலில் சொல்ல வேண்டியவர் இந்தச் சின்ன நீதிபதிதான்.

எங்கள் கதையையே சொல்கிறேன். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்து வண்டித்தடத்துக்காகப் பெரியப்பா மகன் அப்பா மேல் கேஸ் போட்டார். அப்போது அங்கே முன்சீப் இந்த ஐயாதான். இடத்தைப் பார்த்து வரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் கொடுத்தார். அப்பா கூண்டில் ஏறி, தடத்தை விட்டுவிட்டு எங்க அப்பாரு காலத்துக் கதையெல்லாம் சொன்னார். ஐயா நடுவில் நிறுத்தவே இல்லை. கடைசியில் தீர்ப்பு எங்களுக்கு எதிராகத்தான் வந்தது. அதைப் படித்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "பெரியவரே, தடம் பழைய பத்திரத்துலயே இருக்குதுங்க. ஒத்துக்க முடியலைன்னா முப்பது நாளுக்குள்ள அப்பீல் போகலாம்" என்றார். அப்பா அப்பீல் போகவில்லை. "நான் சொன்னதை முழுசாக் கேட்ட மனுசன், அது போதும்" என்றார். தோற்றவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வாங்குவது சின்ன விஷயமா?

"என் கேஸ் பத்து வருசமா இழுக்குது, அதுக்கு என்ன சொல்றே" என்று கமெண்டில் வருவீர்கள். நியாயமான கேள்வி. 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் சொன்னது. அனுமதிக்கப்பட்ட இடங்களே இன்னும் அதில் பாதியைத் தொடவில்லை. அதிலும் காலியிடம் வேறு. அதோடு, எத்தனை வாய்தா உங்கள் வக்கீலே கேட்டு வாங்கியது என்று எண்ணிப் பார்த்தீர்களா? "லஞ்சம் வாங்குறவங்களே இல்லையா" என்று இன்னொருவர் கேட்பார். இருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் புகார் எழுதுங்கள். அதற்காக இந்த மனிதரை ஏன் இழுக்கிறீர்கள்?

ஐயா குற்றவியல் நடுவராக (மாஜிஸ்ட்ரேட்) இருந்த வருடங்களை யாராவது மேடையில் சொன்னார்களா? கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதனால் பொங்கலன்றும் நடுராத்திரியிலும் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும். தீக்காயத்தோடு ஒரு பொண்ணு ஜிஎச்சில் கிடந்தால் மரண வாக்குமூலம் வாங்க நடுவர்தான் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைக் கேட்டு எழுதிவிட்டுக் காலையில் பத்தரை மணிக்குக் கோர்ட்டிலும் உட்கார வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். கல்யாணம், கெடா வெட்டு என்று கண்ட வீட்டில் கை நனைக்க முடியாது. நாளைக்கு அந்த வீட்டு ஆளே கேஸோடு வந்து நிற்பார். இப்படியே இருபது வருடம் இருந்தவரைத்தான் கொடுப்பினை இல்லாதவர் என்கிறீர்கள்.

எனக்கு ரொம்ப வலிப்பது இதுதான். பதவியில் இருக்கும் வரைக்கும் யார் என்ன பேசினாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. அவர் பேச வேண்டியதெல்லாம் தீர்ப்பில்தான். ஓய்வு பெற்று முதல் முறையாக நம்மோடு சரிசமமாக உட்கார வந்தார். அன்றைக்கே தலை குனிய வைத்துவிட்டோம். அவர் வீட்டம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

விழாக் குழுவினருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வீடியோவில் அந்தப் பேச்சை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ஐயாவின் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள்.