"வீட்டுக்காரர் உனக்கு என்ன முறை?"

எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த மலையாளப் பெண் ஒருத்தி, போன வாரம் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். வயசு, எத்தனாவது பிரசவம், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி எல்லாம் முடிந்தது. அடுத்து, "பிளட் ரிலேஷனா?" என்றாள். அந்தப் பெண் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ பாசிட்டிவ்" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும்தான். மலையாளப் பெண்ணுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "ரத்த சொந்தமா?" என்று கேட்டாள். "இல்லைங்க." கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் பேனா இறங்கியது. நான் குறுக்கே புகுந்து கேட்டேன், "வீட்டுக்காரர் உனக்கு என்ன முறைம்மா?"

"அத்தை பையன், சிஸ்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ரத்த சொந்தம் என்றால் பங்காளி. சித்தப்பா பையன், பெரியப்பா பையன். அவர்கள் அண்ணன் தம்பி, கட்டிக்கொள்ள முடியாது. அத்தை பையன் மாமன் மச்சான் வகை, அது சம்பந்தம். கேள்வி தப்பாக இருந்தால் உண்மையான பதில்கூடத் தப்பாகத்தான் கட்டத்தில் ஏறும்.

பதினேழு வருஷமாக இந்த ஊரில் பிரசவ வார்டில் இருக்கிறேன். (கீழே வருகிறவர்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்காதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாங்கள் பி.எஸ்ஸி. நர்சிங் படித்தபோது இரண்டாம் ஆண்டில் மரபியல் என்று ஒரு சின்னப் பகுதி இருந்தது. பார்மகாலஜி, பேத்தாலஜியோடு ஒட்டிக்கொண்டு ஒரே தாளில் வரும். 'மரபணு ஆலோசனையில் செவிலியரின் பங்கு' என்று ஒரு சிறுவினாவை எதிர்பார்த்துக் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்வோம். குடும்ப வரலாறு கேட்டல், தகவல் அளித்தல், ஆதரவு தருதல், பரிந்துரைத்தல். நான் நன்றாகவே எழுதினேன். அந்த 'குடும்ப வரலாறு கேட்டல்' என்ற இரண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று புரியப் பத்து வருஷம் ஆனது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மரபணு ஆலோசனை பெரிய ஆஸ்பத்திரியில் ஏசி அறையில், ஸ்பெஷலிஸ்ட் முன்னால் ஆரம்பிப்பதில்லை. கேஸ் ஷீட்டின் இந்தக் கட்டத்தில் ஆரம்பிக்கிறது. அதை நிரப்புகிறவள் நர்ஸ். அவளுக்கு முறை தெரிய வேண்டும், பாஷை தெரிய வேண்டும், அதற்கு மேல் கால் மணி நேரமாவது கிடைக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிகளில் முதல் இரண்டு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்றாவது கிடைப்பதே இல்லை.

முறைக்கு வருகிறேன். அத்தை பையனும் சித்தப்பா பையனும் நமக்கு வேறு வேறு. ஒருத்தன் கட்டிக்கிற முறை, இன்னொருத்தன் கூடப் பிறந்தவன் மாதிரி. மரபணுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரோடும் நமக்குப் பொதுவாக இருப்பது சராசரியாக அரைக்கால் பங்கு, எட்டில் ஒன்று. தாய்மாமனோடு கால் பங்கு. கோத்திரம் பார்த்துத்தான் செய்தோம் என்று சிலர் அழுத்திச் சொல்வார்கள். கோத்திரம் அப்பா வழி ஒன்றைத்தான் பார்க்கும். அத்தை கல்யாணமாகிப் போனதும் கோத்திரம் மாறிவிடும், அவர் உடம்பில் இருக்கிற தாத்தாவும் பாட்டியும் மாறுவதில்லை.

கேஸ் ஷீட்டில் இதற்கும் ஒரு கணக்கு உண்டு. தாய்மாமன் என்றால் செகண்ட் டிகிரி, அத்தை மாமன் பிள்ளைகள் என்றால் தர்ட் டிகிரி. டாக்டர் ரவுண்ட்ஸில் "தர்ட் டிகிரி" என்று சொன்னதைக் கேட்டு, போலீஸ் ஸ்டேஷன் சமாசாரம் என்று நினைத்து மிரண்டுபோன ஒரு மாமனாரை எனக்குத் தெரியும்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். கர்நாடகத்தில் 27. ஆக, பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே கதைதான். இதை வைத்து 'படிப்பறிவில்லாத ஜனங்கள்' என்று மேடை போடுகிறவர்கள்மேல் எனக்குப் பொறுமை கிடையாது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறோடு பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு இருக்கிறது. அத்தை மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது சுமார் நான்கிலிருந்து ஆறு வரை போகும். அதாவது தொண்ணூற்று நான்கு பிள்ளைகளாவது நன்றாகத்தான் பிறக்கின்றன. தாய்மாமன் என்றாலோ, தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டி வந்திருந்தாலோ கூடும். பயமுறுத்தி அனுப்பினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

'எங்க பாட்டி காலத்துல எல்லாரும் சொந்தத்துலதான் கட்டினாங்க, என்ன ஆச்சு?' என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டி பதினொன்று பெற்றார், ஆறு தங்கியது. மீதி ஐந்தும் எதனால் போனது என்று யார் எழுதி வைத்தார்கள்?

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெண் வந்தாள், திருப்பத்தூர்ப் பக்கம். கணவன் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை. முதல் குழந்தைக்குத் தலசீமியா மேஜர், உடம்பு ரத்தத்தைச் சரியாக உண்டாக்காத பரம்பரை நோய். எட்டு மாதத்தில் வெளுத்துப்போய், வயிறு வீங்கி, கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். இப்போது இரண்டாவது, ஒன்பது வாரம். கூட மாமியார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மா சொன்னார், "எங்க பக்கம் இப்படி யாருக்கும் கிடையாது சிஸ்டர். இவ மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளியே வந்துட்டா."

என்ன முறை என்று கேட்டேன். அந்தப் பெண் மாமியாரின் கூடப் பிறந்த அண்ணன் மகள்! 'எங்க பக்கம்', 'இவ பக்கம்' என்று பிரிக்க அங்கே பக்கமே இல்லை. அத்தை என்று கூப்பிட்டு மடியில் வளர்ந்தவள் அவள். தன் அண்ணன் வீட்டு ரத்தத்தையே அந்த அம்மா குற்றக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் கைடில் இல்லாத ஒரு பாடம். 'உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?' என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். "நாலு" என்றார். நான் மறுபடி கேட்டேன், "எத்தனை பிரசவம் பார்த்தீங்கம்மா?" அந்த அம்மா மருமகளைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆறு" என்றார். ஒன்று பிறந்த அன்றே போனது. இன்னொன்று பெண். இரண்டு வயசுக்குமேல் இருந்தது. "வெளுத்துக்கிட்டே வந்துச்சு. சோகைன்னாங்க. வயிறு மட்டும் பெருசா இருக்கும்." கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமான மருமகளுக்கு இது தெரியாது.

கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தேன். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. இரட்டைக் கோடு இரண்டு தலைமுறையில் விழுந்தது.

அப்புறம் காசு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு எல்லாம் இல்லை, ஆனால் எப்போதும் கவுன் பையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் வைத்திருப்பேன். ஒன்றைக் கணவன் கையிலும் ஒன்றை மனைவி கையிலும் கொடுத்தேன். பூ விழுந்தால் நல்ல மரபணு, தலை விழுந்தால் கோளாறுள்ளது. உங்கள் இரண்டு பேர் உடம்பிலும் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதனால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு பக்கத்தைக் கொடுக்கிறீர்கள். சுண்டுங்கள். இரண்டும் தலை விழுந்தால்தான் நோய். அந்தத் தம்பி அதுவரை கதவோரம் நின்றவன், உட்கார்ந்து சுண்ட ஆரம்பித்தான். பத்துப் பன்னிரண்டு தடவை சுண்டியபின் கேட்டான், "நாலுல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப முதல் பிள்ளைக்கு வந்துட்டதால இனி மூணுக்கு வராதுல்ல?" பாதிப் பேர் இப்படித்தான் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக நாலில் ஒன்று என்றேன். அதைவிட முக்கியமானது அவன் கையில் இருந்த காசு. அதுவரை இது அவன் மனைவியின் வியாதி. ஒரு காசை மட்டும் சுண்டி அந்த நோய் வராது என்று தன் கையாலேயே பார்த்துவிட்டான். அதனால்தான் சொல்கிறேன், புருஷன் இல்லாமல் பெண்ணை மட்டும் உட்கார வைத்து இதைச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போனதும் அவள்தான் பிரதிவாதி ஆகிவிடுகிறாள்.

உண்மையில் இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கலாம். தலசீமியா கேரியராக இருப்பவர், அதாவது கோளாறுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர், நன்றாகத்தான் இருப்பார், கொஞ்சம் ரத்தம் குறைவு என்பார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையான சிபிசி ரிப்போர்ட்டில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 80க்குக் கீழே நிற்கும், மாசக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறாது. அப்போதாவது ஹெச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர். உடனே கணவருக்கும் எடுக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும். சைப்ரஸ் தீவில் 1980களிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே சர்ச்சில் இந்தச் சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்கிறார்கள். கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல, தெரிந்து செய்துகொள்ளத்தான். பெரும்பாலான ஜோடிகள் தெரிந்தபின்னும் கட்டிக்கொண்டார்கள், கர்ப்பத்திலேயே பரிசோதித்துக்கொண்டதால் நோயோடு பிறக்கிற குழந்தைகள் மட்டும் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள். நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டுகிறோம். பதினொன்றாவதாக ஒரு சிரிஞ்ச் ரத்தம்.

எல்லாப் பழியையும் சொந்தத்தின் தலையில் போடுவதும் தப்பு. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. அது தாயின் வயதோடு கூடுகிறது. 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் சுமார் 100க்கு ஒன்று. ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிற ஐடி பெண்கள் தாய் ரத்தத்தில் செய்கிற புதுப் பரிசோதனையைத் தாங்களே ஆன்லைனில் புக் செய்துகொண்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது சல்லடை, தீர்ப்பு இல்லை. சந்தேகம் என்று வந்தால் நஞ்சுக்கொடியிலிருந்தோ பனிக்குட நீரிலிருந்தோ எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம்தான் நம் ஆட்களிடம் இல்லை. நஞ்சுக்கொடியில் எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள். பனிக்குட நீர் 15 வாரத்துக்கு மேல். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி சில காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் முடிவு செய்யலாம், அதற்கு மேலே கருவுக்குப் பெரிய கோளாறு என்றால் மெடிக்கல் போர்டுக்குப் போக வேண்டும். நம் வீடுகளிலோ மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்வதில்லை. ஸ்கேன் இங்கே எடுப்பார்கள், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய் வீடு. பஸ்ஸில் புடவை, பலகாரம், வளையல் எல்லாம் போகும், ஃபைல் மட்டும் பெங்களூரிலேயே அலமாரியில் கிடக்கும். அங்கே ஒரு நர்ஸ் மறுபடி புது ஷீட்டில் 'ரத்த சொந்தமா' என்று ஆரம்பிப்பாள்.

திருப்பத்தூர்ப் பெண் ஒன்பதாவது வாரத்தில் வந்ததால் தப்பித்தாள். அவளோடு அன்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார், "கவுன்சலிங் உன் வேலையா? இன்ஜெக்ஷன் யார் போடுறது?" நியாயமான கேள்விதான். இரண்டு வேலைக்கு ஒரு ஆளைப் போட்டால் அப்படித்தான் கேட்க வேண்டி வரும். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு எந்த ரிஜிஸ்டரிலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

முடிவு எடுப்பது அவர்கள், நாம் வழி சொல்லக் கூடாது, தகவல்தான் தர வேண்டும் என்று படித்திருக்கிறேன். சரிதான், அதை நம்பவும் செய்கிறேன். ஆனால் அந்தப் பெண் என் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள், "நீங்க என் இடத்துல இருந்தா என்னக்கா செய்வீங்க?" அதுவரை சிஸ்டர், அந்த ஒரு வாக்கியத்தில் அக்கா. கைடில் இதற்குப் பதில் இல்லை. 'எனக்குத் தெரியலைம்மா. நீ எதைச் செஞ்சாலும் அடுத்த தடவையும் நான் இங்கே இருப்பேன்' என்றேன். ஒன்றுக்கும் உதவாத பதில் என்று இன்னமும் தோன்றுகிறது.

இரண்டு பேரின் டிஎன்ஏ ரிப்போர்ட்டும் வந்து, பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடிப் பரிசோதனைக்கு வந்தார்கள். முடிவு என்ன வந்தது, என்ன செய்தார்கள் என்பது அவர்கள் விஷயம், எழுத மாட்டேன். அன்று அவளும் புருஷனும் உள்ளே போனபின் மாமியார் வெளியே பெஞ்சில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போனபோது கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு, நான் சொன்னேனே, அதுவும் இதுலதான் போயிருக்குமா?"

"இருக்கலாம்மா. இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

பேரனின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சுவத்தைச் சுரண்டிச் சுரண்டித் திங்கும். மண்ணு தின்னுதான் வெளுத்துப் போறான்னு நான் அதை அடிச்சிருக்கேன் சிஸ்டர்."