சுஃப்ரென் ஆங்கிலக் கப்பற்படையை அழித்தாரா?

இந்தியக் கடல்களில் ஆங்கிலேயரோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென். "ஐந்து சண்டைகளிலும் ஆங்கிலக் கப்பற்படையை மூழ்கடித்த சுஃப்ரெனை பிரான்ஸ் கைவிட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுமே சரியில்லை.

சதுரங்கப்பட்டினம் தொடங்கி கடலூர் வரை, 1782-83இல் அவரும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். அடி இரு பக்கமும் பலம்தான். ஆனால் சண்டையில் ஒரு பெரிய போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. சுஃப்ரெனின் கேப்டன்களே பலமுறை சொன்னபடி நெருங்கிப் போகாமல் காலைவாரினார்கள்.

அவருடைய சாதனையே வேறு. 1782 ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடிக்கும்வரை நல்ல துறைமுகம் கிடையாது. முறிந்த பாய்மரங்களை இருப்பதை வைத்தே சரிசெய்தார். கடலூரில் ஆள் போதாமல், கரையிலிருந்த படையிலிருந்து சிப்பாய்கள் உட்பட சுமார் 1,200 பேரைக் கப்பலேற்றினார். 15 கப்பல்களை வைத்துக்கொண்டு 18 கப்பல்களோடு வந்த ஹியூஸைச் சென்னைக்குத் திரும்பவைத்தார். அப்புறம் சமாதானச் செய்தி வந்துவிட்டது.

கைவிட்ட கதையா? ஊர் திரும்பியதும் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அவருக்கென்றே நான்காவதாக ஒரு வைஸ் அட்மிரல் பதவியை உருவாக்கினார். 1788இல் அவர் இறந்ததோடு அந்தப் பதவியும் போனது. இளவயதில் இரண்டு முறை ஆங்கிலேயரிடம் கைதியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.