தெற்கு வாசல் தெரிகிற படம்

எங்கள் ஊர்ப் பழைய கோயிலின் முகப்பு முழுதாகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என் தாத்தாவை அடக்கம் செய்த அன்று, 1974இல் எடுத்தது. (எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம், சர்ச் என்பதெல்லாம் பட்டணத்துக்குப் போன பிறகு வந்த பேச்சு.) பெட்டியைக் கோயில் வாசலில் இறக்கி வைத்து, குடும்பம் மொத்தத்தையும் சுற்றி நிறுத்தி ஒரு படம் எடுப்பது அப்போதைய வழக்கம். எங்கள் குடும்பம் பெரிது. எல்லோரும் அடங்க வேண்டுமே என்று போட்டோக்காரர் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், அந்தப் புண்ணியத்தில் கோயிலும் அடங்கிவிட்டது.

2009இல் அதை இடித்தார்கள். நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அந்த இடத்தில் கம்பி கட்டி நின்றது. உள்ளே எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று சொந்தக்காரர் வீடுகளில் தேட ஆரம்பித்தேன், பதினோரு கல்யாண ஆல்பம் புரட்டினேன். பதினொன்றிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆல்டருக்கு, அதாவது பீடத்துக்கு, நேர் முன்னால் நிற்கிறார்கள், ஆல்டர் தெரியவில்லை. தோளுக்கு மேல் ஒரு வளைவு, மாலைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் விளிம்பு, அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் நின்ற ஒரு கட்டடம் இப்போது துண்டு துண்டாக அடுத்தவர் கல்யாணப் படங்களின் ஓரத்தில் கிடக்கிறது.

இடித்தவர்களை நான் திட்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதி சபை வெளியே பந்தலில் உட்கார்ந்தது, மழை பெய்தால் பெஞ்சை நகர்த்திப் போட வேண்டும், பழைய ஓடு மாற்றத் தெரிந்த ஆளும் கிடைக்கவில்லை. பெரிய கோயில் தேவைதான், சரி. ஆனால் இடிக்கிற முடிவுக்கும் கடப்பாரை விழுந்த நாளுக்கும் நடுவில் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் ஒருவர், ஒரே ஒருவர், கேமராவோடு ஒரு முழு நாள் அங்கே செலவழித்திருக்கலாம். நானே வந்திருக்கலாம். அந்த வருத்தத்தில்தான் அடுத்த வருடம் ஒரு கேமரா வாங்கினேன். அதிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துப் பழைய ஊர்க் கோயில்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஆட்கள் எடுக்கிற கோயில் படம் என்றால் முதலில் வருவது தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் புயலில் போன ஊர், கூரையில்லாத அந்தக் கோயில் சுவர் முன்னால் நின்று எடுக்காத கல்யாண ஜோடி இல்லை. அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் கூரையோடு நிற்கிற, மணி அடிக்கிற, வாரம் தவறாமல் ஆட்கள் வந்து உட்காருகிற கோயில் பக்கம் யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. தனுஷ்கோடிச் சுவர் இன்னும் ஆயிரம் பேர் போனில் இருக்கும், உங்கள் ஊர்க் கோயில் யார் போனிலும் இருக்காது.

அப்படியே திருப்பினாலும் கோபுரத்தை மட்டும்தான் எடுப்பார்கள். மெஞ்ஞானபுரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், 192 அடிக் கோபுரம், பனைமரத் தலைகளுக்கு மேலே வெகு தூரத்திலிருந்தே தெரியும். வேல்ஸ் தேசத்திலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்) காலத்தில் எழும்பியது. எல்லோரும் அடியில் நின்று போனை அண்ணாந்து பிடிக்கிறார்கள், படத்தில் கோபுரம் மல்லாக்க விழுவது போல வருகிறது. பின்னால் நடங்கள் ஐயா, பனந்தோப்பு வரைக்கும் நடங்கள், அங்கிருந்து போனை நேராகப் பிடித்து ஜூம் செய்து எடுங்கள், சுவர் சுவராக நிமிர்ந்து நிற்கும். பிறகு அந்த மட்டத்திலேயே கோயிலை ஒரு சுற்று சுற்றி நான்கு பக்கமும் எடுங்கள். பின்பக்கத்தை எடுக்கிறவர் யாருமே கிடையாது. ஆனால் எங்கே ஒட்டுப் போட்டார்கள், எந்த ஜன்னலைப் பிற்பாடு அடைத்தார்கள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இடையன்குடியில் நான் மூன்று நாள் தங்கி எடுத்தேன். கால்டுவெல் ஐயரை மொழி ஆராய்ச்சிக்காக எல்லோருக்கும் தெரியும், அவர் கட்டிய கோயிலை அந்த அளவுக்குத் தெரியாது. 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டை ஆனது, முப்பத்து மூன்று வருடம். தொடங்கியபோது கல் சுமந்த இளவட்டங்கள் முடியும்போது கிழவர்களாகியிருப்பார்கள், சிலர் முடிவதைப் பார்க்காமலே போயிருப்பார்கள். கூர் வளைவு ஜன்னல்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ இங்கிலாந்து மாதிரி இருக்கும். கிட்டே போய் லென்ஸை வைத்தால் நம் கொத்தனார் கைதான் தெரிகிறது. கால்டுவெல் ஐயரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

அழகை மட்டும் தேடிப் போனால் சில கோயில்களை நாம் தப்பாகத்தான் எடுப்போம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைச் சொல்கிறேன். தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர், 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எல்லோரும் அந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இரண்டு கைகளாகப் பிரிந்து வந்து பீடத்தில் சேரும். ஒரு சாதி ஒரு கையில், இன்னொரு சாதி இன்னொரு கையில், ஒருவரை ஒருவர் பார்க்காமலே பூசை காண வேண்டும் என்பதற்காகப் போட்ட பிளான் அது, நடுவில் சுவர் வேறு இருந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். அங்கே போய்ப் பீடத்தை மட்டும் பளிச்சென்று எடுத்துவிட்டு வந்தால் என்ன எடுத்தோம்? பீடத்துப் பக்கம் நின்று இரண்டு கைகளும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தால்தான் அந்தக் கட்டடம் என்ன செய்தது என்று புரியும். நம் வெட்கமும் படத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் கல்வெட்டு. தயவுசெய்து கல்வெட்டை விடாதீர்கள். வாசல் நிலைக்கு மேலே, ஞானஸ்நானத் தொட்டியின் அடியில், மணியின் விளிம்பில், பெஞ்சின் முதுகில், எங்கேயாவது ஒரு பெயர் இருக்கும். வெள்ளை அடித்து அடித்து எழுத்து மேவிப் போயிருக்கும், நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் இருட்டின பிறகு போங்கள், ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் கல்லின் மேல் தவழ்ந்து போகும்போது எழுத்துப் பள்ளங்களில் மட்டும் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும். ஒரு ஊரில் சாவி வைத்திருக்கிற அண்ணாச்சிதான் டார்ச் பிடித்தார். நாற்பது வருடம் அந்தக் கதவைத் திறந்து பூட்டினவர். அன்றைக்குத்தான் நிலைக்கல்லில் தன் பூட்டன் பெயரை வாசித்தார், கொத்த வேலை செய்தவர் என்று போட்டிருந்தது. டார்ச்சை அணைக்கவே இல்லை, நானும் அணைக்கச் சொல்லவில்லை. ஒன்று, எழுத்துத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள், கல் கெடும்.

உள்ளே எடுக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். இங்கிலாந்துச் சபையின் ஆங்கிலிக்கன் முறையில் கட்டிய பழைய கோயில்களில் ஆல்டர் பெரும்பாலும் கிழக்கே இருக்கும், காலையில் போனால் ஜன்னல் வெளிச்சம் நேரே கண்ணில் அடித்து ஆல்டர் கறுத்துவிடும். மத்தியானத்துக்கு மேல் போங்கள், முகப்புக்கும் அப்போதுதான் வெயில் வரும்.

இடிப்பது மட்டும் அல்ல, புதுப்பிக்கிறோம் என்று செய்கிற வேலையும் எனக்குப் பயமாக இருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசி, எமல்ஷன் பெயிண்ட் அடித்து, பழைய தரைக்கு மேல் வழுவழு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். அப்புறம், பார்த்தீர்களா பழைய சுவர் தாங்காது என்று அதையே காரணமாகச் சொல்லி இடிப்பார்கள். பண்டிகைக்கு வர்ணம் அடிக்கப் போகிறோம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்த அன்றே போய் எடுத்துவிடுங்கள். நூறு வருடம் ஆனால் அரசு தானாகப் பாதுகாக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தால்தான் உண்டு.

போகும்போது ஆராதனையில் உட்காருங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, முடிந்த பிறகு ஐயரிடமோ சாமியாரிடமோ கேட்டு எடுங்கள். யாரும் என்னை இதுவரை மறுத்ததில்லை, பல ஊரில் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். எடுத்ததை போனிலேயே வைத்திருக்காதீர்கள், பத்துப் படமாவது பிரிண்ட் போட்டு, ஊரும் தேதியும் பின்னால் எழுதி, அந்தக் கோயிலிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி எனக்காக ஒரு உதவி. எங்கள் கோயில் தெற்கு வாசல் மேலே ஒரு கல் இருந்தது. மணி வாங்கத் தன் காதுப் பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்த ஒரு அம்மாள் பெயர் அதில் இருந்தது என்று என் பாட்டி சொல்வாள், பெரியப்பா வேறு பெயர் சொல்வார். கல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தாத்தா படத்தில் மேற்கு முகப்புதான் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இதை வாசித்தால், 2009க்கு முன்னால் தெற்குப் பக்கம் நின்று எடுத்த எந்தப் படமானாலும், கல்யாணமோ அடக்கமோ அசனத்தன்று (கோயில் விருந்தன்று) பந்தி நடந்ததோ, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இன்பாக்ஸில் அனுப்புங்கள்.