டம்ளருக்குள் ஒரு வேளைச் சாப்பாடு

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணி போன் செய்தார். "தம்பி, உங்கண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது, எரிஞ்சு எரிஞ்சு விழறார்." அண்ணன் எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுங்க அண்ணி, நான் வரேன்" என்று வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் தெளிந்து, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் பாதி குடித்த ஒரு டம்ளர், பக்கத்தில் பளபளவென்று ஒரு டப்பா: சாப்பாட்டுக்குப் பதில் பாலில் கலக்கிக் குடிக்கிற 'ஷேக்' பவுடர்.

அவர் தெருமுனையில் ஒரு வீட்டு மாடியில் காலையில் எடை குறைக்கிற 'க்ளப்' நடக்கிறது. டேப் வைத்து இடுப்பை அளப்பார்கள், மெஷினில் ஏற்றுவார்கள், "உங்க உடம்புக்கு வயசு 68" என்று சீட்டு எழுதித் தருவார்கள். அண்ணனுக்கு 54. பயந்துபோய் டப்பாவை வாங்கிவிட்டார். ராத்திரி தோசைக்குப் பதில் ஷேக். தோசையை நிறுத்தியவர் மாத்திரையை நிறுத்தவில்லை. அது கிளிமிபிரைடு, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற ரகம். உள்ளே வருவது நாலு தோசையா, ஒரு டம்ளர் பாலா என்று அது பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கிவிட்டது.

உடனே "இதுக்குத்தான் பாட்டி காலத்துக் கூழைக் குடிக்கச் சொல்றோம்" என்று கமெண்டில் வருவார்கள். வேண்டாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய, சரி. ஆனால் மாவாக்கி, கரைத்துக் காய்ச்சிய கூழும் சர்க்கரைக்காரருக்கு மாவுச்சத்துதான். சராசரி இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) இண்டியாப் ஆய்வு 2025இல் சொன்னது. ரெண்டு கரண்டி குழம்புக்கு ஒரு மலை சோறு வைத்துக்கொண்டு ஷேக் குடிப்பவரைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை இல்லை.

ஷேக்குக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 'டைரக்ட்' என்று ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டைப் 2 சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை வேறு சாப்பாடே இல்லை. ஷேக்கும் சூப்பும் மட்டும், நாளுக்குச் சுமார் 850 கலோரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம்தான். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நம்ம ஊர் க்ளப்பில் சொல்லாத பகுதி ஒன்று அதில் இருக்கிறது. முதல் நாளே அவர்களுடைய சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நர்ஸோ டயட்டீஷியனோ கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வாரவாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணச் சாப்பாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டும் இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பி ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது.

அண்ணனுக்குக் கிடைத்தது டப்பா மட்டும்.

அந்த டப்பாவின் பின்பக்கத்தை அன்றைக்கே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு கரண்டி பவுடரில் 100 கலோரி, 9 கிராம் புரதம். 200 மில்லி பாலில் கலக்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பாலிலேயே 6 கிராம் புரதம் வந்துவிடும். ஆக மொத்தம் 15 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு மாடு கொடுத்தது. விளம்பரத்தில் மாடு இல்லை. ஒரு டம்ளருக்கு அறுபது ரூபாய்க்கு மேல் வருகிறது. ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் இதற்குக் குறையாத புரதத்தைத் தரும், மெல்லவும் ஏதாவது இருக்கும். மெல்லுவது முக்கியம். குடிக்கிற கலோரிக்குச் சாப்பிடுகிற கலோரி அளவுக்கு வயிறு நிறைவதில்லை. அண்ணனும் ஷேக் குடித்த பல ராத்திரி பதினோரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தாராம். அண்ணி சொல்லித்தான் தெரியும்.

என் கருத்து இவ்வளவுதான்: இது மருந்துக்கடைச் சாமான் மாதிரி. யாருக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று கேள்வி கேட்டு வாங்க வேண்டியது. பல் போன பெரியவர், ஆபரேஷன் முடிந்து சாப்பிட முடியாதவர் ஆகியோருக்கு டாக்டரே எழுதிக் கொடுக்கிறார், நல்லது. கிட்னி பிரச்சினை இருப்பவர் அதிகப் புரதப் பவுடரைத் தானாகத் தொடக் கூடாது. வளர்கிற பிள்ளைக்கு, கர்ப்பிணிக்கு எடை குறைக்க இதைக் கொடுப்பது சுத்தமாகத் தப்பு. ஆபீஸ் ஓட்டத்தில் காலையில் பட்டினி கிடப்பவர் ஒரு வேளைக்குக் குடித்தால் குடி முழுகிவிடாது. வெறும் டீயும் ரெண்டு பிஸ்கெட்டும் சாப்பிடுவதைவிட மேல். தினமும் ரெண்டு வேளை, வருடக்கணக்கில் என்றால் எனக்கு உடன்பாடில்லை.

மறுநாள் அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "குடிங்க சார், ஆனா என்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க" என்று மட்டும் சொல்லி, மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. க்ளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது ராத்திரி ரெண்டு தோசை, கூடவே ஒரு கிண்ணம் பயறு. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பாக்கிப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று அண்ணி என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.